திரும்பி நுழையும் முடி

2025 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் குவாண்டிகோ படைத்தளத்தில் ஒரு கூட்டம் நடந்தது. உலகத்தின் பல மூலைகளில் பணியில் இருந்த அமெரிக்கத் தளபதிகள் நூற்றுக்கணக்கில் வரவழைக்கப்பட்டிருந்தார்கள். போர் ஏதாவது வரப்போகிறதோ என்று வெளியே பலரும் ஊகித்துக்கொண்டிருக்க, பாதுகாப்புத் துறையின் தலைவர் பீட் ஹெக்செத் மேடையில் பேசிய விஷயங்களில் ஒன்று தாடி. படையில் இனி தாடிக்கு இடமில்லை, தாடி வேண்டுமென்றால் சிறப்புப் படைக்குப் போங்கள், இல்லையென்றால் மழியுங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

படிக்கிற நமக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். இவ்வளவு பெரிய ராணுவம், இவ்வளவு பெரிய கூட்டம், பேசுறதுக்குத் தாடிதானா கெடச்சுது? ஆனால் அந்த அரங்கத்துக்கு வெளியே, சட்டைப்பையில் மருத்துவர் கொடுத்த ஒரு சீட்டோடு திரிந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு அது வேடிக்கை இல்லை. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தினமும் மழித்தால் அவர்களுடைய கன்னமும் கழுத்தும் புண்ணாகிவிடும். அவர்களை மழிக்காமல் இருக்க அனுமதிக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டுக்கு ஏறக்குறைய ஐம்பது வருட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் மையத்தில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள முடி.

முதலில் அந்த முடியைப் பார்ப்போம். நேராக வளரும் தாடி முடியை மழித்தால், அது மறுபடியும் நேராக மேலே வரும். சுருள் முடிக்குத் தோலுக்கு அடியில் இருக்கும் வேர்க்குழியே வளைந்திருக்கும். அந்த வளைவிலிருந்து வெளியே வரும் முடி, சற்று நீண்டதும் வில் போல் வளைந்து தோலை நோக்கியே திரும்பும். பிளேடு அதைச் சாய்வாக வெட்டியிருப்பதால் முனை ஊசி மாதிரி கூர்மையாக இருக்கும். வெளியே வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தோலைக் குத்தி உள்ளே இறங்கிவிடும். இது ஒரு வழி. இன்னொரு வழி, முடி வெளியேயே வராமல் இருப்பது. தோலை இழுத்துப் பிடித்து மிக ஒட்ட மழிக்கும்போது வெட்டப்பட்ட முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. அங்கிருந்து வளரத் தொடங்கும்போது வேர்க்குழியின் சுவரையே துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் போகிறது.

எந்த வழியில் போனாலும் உடம்புக்கு அது அந்நியப் பொருள்தான். காலில் முள் தைத்தால் என்ன நடக்குமோ அதே நடக்கும். சிவக்கும், வீங்கும், சில சமயம் சீழ் வைக்கும். ஒரு முள் என்றால் பிடுங்கி எறிந்துவிடலாம். இது கழுத்து முழுக்க ஐம்பது, நூறு முள். மறுநாள் காலை மறுபடியும் மழிக்க வேண்டும். பிளேடு அந்தக் கொப்புளங்களின் தலையைச் சீவிக்கொண்டு போகும். ரத்தம் வரும். ஆறினால் கருந்தழும்பு, சிலருக்கு அது தடித்துக் கெலாய்டாக மாறும்.

இதற்கு மருத்துவத்தில் சூடோஃபாலிக்குலைட்டிஸ் பார்பே என்று பெயர். தாடியில் வரும் போலி மயிர்க்கால் அழற்சி என்று சொல்லலாம். ஏன் போலி? உண்மையான மயிர்க்கால் அழற்சி கிருமியால் வருவது. இங்கே கிருமி முதல் காரணம் இல்லை, முடிதான். இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. அதற்கு முன்பெல்லாம் முகத்தில் இப்படி வந்தால் ‘நாவிதர் அரிப்பு’ என்ற பொதுப்பெயரில் போட்டுவிடுவார்கள். கத்தி சுத்தமில்லை, கடை சுத்தமில்லை, கடைசியில் ஆளே சுத்தமில்லை என்றுதான் அந்தப் பெயர் கொண்டுபோய் நிறுத்தும். ஜான் ஸ்ட்ராஸ், ஆல்பர்ட் கிளிக்மன் என்ற இரு தோல் மருத்துவர்கள் 1956இல் எழுதிய கட்டுரைதான், முடி தோலுக்குள் நுழையும் இரண்டு வழிகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஆள் அழுக்கு இல்லை, முடி வளைவு என்று அறிவியல் சொன்னது அப்போதுதான்.

இந்தக் கிளிக்மன் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1950களின் தொடக்கத்திலிருந்து 1974 வரை கைதிகளின் தோலில் நடந்த பரிசோதனைகளை நடத்தியவர் அவர்தான். அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதற்காக அவர் பணியாற்றிய பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2021இலும், ஃபிலடெல்ஃபியா நகரம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன. கறுப்பு ஆண்களின் முகத்தில் இருந்த அழுக்குப் பட்டத்தை நீக்கிய பெயரும், கறுப்பு ஆண்களின் முதுகைச் சோதனைக்கூடமாக்கிய பெயரும் ஒன்றே. வரலாறு நமக்கு வசதியாக நல்லவன் கெட்டவன் என்று பிரித்துக் கொடுப்பதில்லை.

சரி, தினமும் மழிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அது நாம் நினைப்பதைவிடப் புதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மழிப்பது என்றால் நாவிதரிடம் போவது. தோல்வாரில் தீட்டிய நீளக் கத்தி, வெந்நீர்த் துணி, வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ. அந்தக் கத்தியைப் பிடித்திருந்த கை பல ஊர்களில் கறுப்புக் கை. 1858இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த அலோன்சோ ஹெர்ண்டன், பின்னாளில் அட்லாண்டா நகரின் பீச்ட்ரீ தெருவில் பளிங்கும் சரவிளக்குமாக ஒரு சவரக் கடை வைத்திருந்தார். அங்கே வந்து உட்காருபவர்கள் வெள்ளைக்கார வழக்கறிஞர்கள், நீதிபதிகள், வணிகர்கள். அந்த வருமானத்தில்தான் அவர் 1905இல் தொடங்கிய காப்பீட்டு நிறுவனம் பின்னர் அட்லாண்டா லைஃப் என்று பெயர்பெற்றது. கடை அவருடையது, கத்தி பிடித்தவர்கள் அவருடைய இனத்தவர். ஆனால் அந்த நாற்காலியில் வாடிக்கையாளராக உட்கார அந்த இனத்தவருக்கு இடமில்லை.

அந்தக் காலத்தில்தான் கிங் ஜில்லெட் வருகிறார். 1901இல் நிறுவனம், 1903இல் விற்பனை, 1904இல் காப்புரிமை. முதல் வருடம் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடமே ரேசர் விற்பனை 90,000ஐத் தொட்டது. மழித்தல் கடையிலிருந்து வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் வந்தது. நாவிதர் தேவையில்லை, காத்திருக்க வேண்டாம், தினமும் மழிக்கலாம். தினமும் மழிக்கலாம் என்பது தினமும் மழிக்க வேண்டும் என்று மாறியது முதல் உலகப் போரில். நச்சுவாயு முகமூடி தோலோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் உயிர் பிழைக்க முடியும். நடுவில் தாடி இருக்கக் கூடாது. அமெரிக்க அரசு சுமார் 35 லட்சம் ரேசர்களையும் 3.2 கோடி பிளேடுகளையும் வாங்கிச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் ரேசரையும் கொண்டுவந்தார்கள், பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். மழித்த முகம் ஒழுக்கத்தின் அடையாளம் ஆயிற்று. அலுவலகம், காவல்துறை, பேருந்து நிறுவனம் எல்லாம் படையைப் பார்த்து விதி எழுதின.

இந்த விதி எந்த முகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. நேர்முடி முகத்துக்குத் தினசரி சவரம் ஐந்து நிமிட வேலை. சுருள் முடி முகத்துக்கு அது தினசரிக் காயம். ஆய்வுகளில் கறுப்பு ஆண்களிடம் இந்தத் தொந்தரவு 45 முதல் 83 சதவீதம் வரை பதிவாகியிருக்கிறது. 2004இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கெரட்டின் மரபணு ஒன்றில் ஒரேயொரு எழுத்து மாறியிருப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு கூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். முடியைச் சுற்றியிருக்கும் உறையின் உறுதியைப் பாதிக்கும் மாற்றம் அது.

அறிவியல் வருவதற்கு ரொம்ப முன்பே மக்கள் தங்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜியாவின் சவானா நகரிலிருந்து ‘மேஜிக் ஷேவிங் பவுடர்’ என்று ஒரு பொடி வந்தது. தண்ணீரில் குழைத்து, கன்னத்தில் அப்பி, சில நிமிடம் விட்டு, மழுங்கிய பட்டைக் கரண்டியால் வழித்து எடுக்க வேண்டும். பேரியம் சல்ஃபைடு போன்ற இந்த ரசாயனங்கள் முடியின் கெரட்டினைப் பிணைத்திருக்கும் கந்தகக் கட்டுகளை உடைத்துவிடும். முடி வெட்டப்படுவதில்லை, கரைகிறது. அதனால் முனை மழுங்கியிருக்கும், தோலைக் குத்தாது. ஆனால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஒரு நிமிடம் கூடுதலாக விட்டாலும் தோல் வெந்துவிடும். கறுப்புக் குடும்பங்களில் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த அறிவு இது. எவ்வளவு குழைக்கணும், எப்ப வழிக்கணும், எத்தனை நாளைக்கு ஒருதரம் போடலாம் என்பதெல்லாம் டப்பாவில் எழுதியிருப்பதைவிட வீட்டில்தான் நன்றாகத் தெரியும்.

1948 ஜூலை 26 அன்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் படைகளில் இனப் பாகுபாட்டை நீக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். ஒரே பாசறை, ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே காலை ஆய்வு. காலை ஆய்வில் அதிகாரி கன்னத்தைப் பார்ப்பார். வியட்நாம் போர்க் காலத்தில் கறுப்பு இளைஞர்கள் பெரும் எண்ணிக்கையில் படைக்குள் வந்தபோது இந்தப் பிரச்சினை மறைக்க முடியாததாயிற்று. 1970 நவம்பரில் கடற்படைத் தலைவர் எல்மோ ஸம்வால்ட், மாலுமிகளைத் தேவையில்லாமல் இழிவுபடுத்தும் விதிகளை நீக்குவதாக ஓர் ஆணை அனுப்பினார். தாடிக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த மாதம் வந்த இன்னொரு ஆணையில், கறுப்பு மாலுமிகளின் முடியை வெட்டத் தெரிந்தவர்கள் படைத்தளச் சலூன்களில் இருக்க வேண்டும், அவர்களுக்கான பொருட்கள் படைக் கடைகளில் கிடைக்க வேண்டும் என்று எழுதினார். அட்மிரல் ஒருவர் சீப்பையும் எண்ணெயையும் பற்றி ஆணை போடுகிறார் என்றால், அதுவரை அவை கிடைக்காமல் இருந்தன என்று பொருள்.

1974இல் கறுப்பு மருத்துவர்களின் சங்கமான தேசிய மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. படையில் இந்த நோய் ஒரு மருத்துவப் பிரச்சினை மட்டுமல்ல, நிர்வாகப் பிரச்சினை, சமூகப் பிரச்சினை என்று அதன் தலைப்பே சொன்னது. சீட்டு வைத்திருக்கும் சிப்பாயை அதிகாரி ஒரு மாதிரி பார்க்கிறார். அலங்கார அணிவகுப்பில் அவனுக்கு இடமில்லை. பதவி உயர்வுக்கான புகைப்படத்தில் தாடியோடு நிற்க வேண்டியிருக்கிறது. சோம்பேறி என்ற பேச்சு வருகிறது. விமானப்படையில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் காட்டியது: சவர விலக்கு வாங்கியவர்களுக்குப் பதவி உயர்வு தாமதமாகிறது, அப்படி வாங்கியவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். கடற்படை 1984 இறுதியில் தாடியை மறுபடி தடைசெய்தது. சீட்டு மட்டும் மிஞ்சியது.

இதற்கிடையில் பிளேடு கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 1971இல் ஜில்லெட் இரண்டு பிளேடு கொண்ட டிராக் டூவை இறக்கியது. முதல் பிளேடு முடியை இழுத்து வெட்டும், முடி உள்ளே சுருங்குவதற்குள் இரண்டாவது பிளேடு இன்னும் கீழே வெட்டும். 1998இல் மூன்று பிளேடு, 2006இல் ஐந்து. ‘இன்னும் ஒட்ட’ என்பதே விளம்பரத்தின் மந்திரம். நேர்முடிக்காரருக்கு வழவழப்பு. சுருள் முடிக்காரருக்கோ, தோலுக்குக் கீழே வெட்டுவது என்பது நோயைக் காசு கொடுத்து வாங்குவது.

இங்கே இந்தியாவுக்கு ஒரு சின்ன இடம் உண்டு. அதே ஜில்லெட் இந்தியச் சந்தைக்காகச் செய்த ஒரு ரேசரை முதலில் அமெரிக்காவின் எம்ஐடியில் படித்த இந்திய மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தது. அவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தியாவில் ஓடவில்லை. எம்ஐடி விடுதியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். இங்கே ஒரு குவளைத் தண்ணீரில் முழுச் சவரமும் முடிய வேண்டும், ரேசரில் முடி அடைத்துக்கொண்டது. பிறகு வீடுகளுக்கே வந்து உட்கார்ந்து பார்த்து, 2010இல் 15 ரூபாய்க்கு ‘கார்டு’ என்ற ரேசரை விற்றார்கள். அதில் ஒரே பிளேடு. சுருள் முடிக்காரர்களிடம் தோல் மருத்துவர்கள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்ததும் ஒற்றை பிளேடைத்தான். ஏழை நாட்டுக்கு விலைக்காக வந்தது, பணக்கார நாட்டின் கறுப்பு முகத்துக்குத் தேவையாக இருந்தது. 2013இல் ட்ரிஸ்டன் வாக்கர் என்ற கறுப்புத் தொழில்முனைவர், அந்த முகங்களுக்காகவே ‘பெவல்’ என்று ஒற்றை பிளேடு ரேசரை விற்கத் தொடங்கினார். 2018இல் அவருடைய நிறுவனத்தை வாங்கியது யார் என்றால், ஜில்லெட்டின் சொந்தக்காரர்களான பி அண்ட் ஜி.

பிரச்சினை நீதிமன்றங்களுக்கும் போயிற்று. தாடிக்குத் தடை விதித்த கிரேஹவுண்ட் பேருந்து நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. இந்த விதியால் கறுப்பினத்தவர் வேலைவாய்ப்பில் உண்மையாகவே குறைந்தார்கள் என்று எண்ணிக்கையில் காட்டவில்லை என்றது. ஒமாஹா நகரில் டோமினோஸ் பீட்ஸா கொண்டுபோய்க் கொடுத்த ஒருவர் தாடியை மழிக்க முடியாமல் வேலை இழந்தார். நிறுவனம் ஒரு கருத்துக்கணிப்பைக் காட்டியது: வாசலில் தாடிக்காரர் வந்து நின்றால் 20 சதவீதம் வரை வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்களாம். எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் அதை ஏற்கவில்லை. மருத்துவக் காரணத்தால் மழிக்க முடியாத கறுப்பு ஆண்களுக்கு விலக்கு தர வேண்டும் என்றது.

அதே 1993இல் அட்லாண்டா நகரின் கறுப்புத் தீயணைப்பு வீரர்கள் 12 பேர் தோற்றார்கள். ஹெர்ண்டன் கடை வைத்திருந்த அதே அட்லாண்டா. 1982 முதல் அவர்களுக்கு மிகக் குட்டையான தாடிக்கு அனுமதி இருந்தது. 1988இல் நகரம் அதை நிறுத்தியது. காரணம், சுவாச முகமூடி முகத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். புகைக்குள் போகிறவரின் உயிர்ப் பிரச்சினை என்பதால் நீதிமன்றம் நகரத்தை ஆதரித்தது. இந்தத் தீர்ப்பைத் தவறு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. முகமூடியின் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே முடி வந்தால் காற்று கசியும் என்பது உண்மைதான். ஆனால் பீட்ஸா கொடுக்க முகமூடி தேவையில்லை. அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் சிப்பாய்க்கும் அன்றாடம் தேவையில்லை. ஆப்கானிஸ்தானில் சிறப்புப் படையினர் வருடக்கணக்கில் தாடியோடு சண்டை போட்டார்கள். அவர்களுடைய வீரத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. எந்த விதி உயிர் காக்கிறது, எந்த விதி வெறும் பார்வைக்கு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் நியாயம் இருக்கிறது.

இந்த நோய்க்கு மருந்தே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் முதல் மருந்து சும்மா விடுவது. மழிப்பதை மூன்று நான்கு வாரம் நிறுத்தினால் முடி சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்த நீளத்தில் அதற்கே ஒரு சுருள்வில் விசை வந்துவிடும். உள்ளே புதைந்த முனை தானாக வெளியே வந்துவிடும். வெளியே தெரியும் வளையத்தைச் சுத்தமான ஊசியால் மெல்லத் தூக்கிவிடலாம். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் அடுத்த முடி தோலுக்குள்ளேயே வழி தேடும்.

மழித்தே ஆக வேண்டுமென்றால், வெந்நீரால் தாடியை நன்றாக ஊறவைத்து, ஒற்றை பிளேடால், முடி வளரும் திசையிலேயே, தோலை இழுத்துப் பிடிக்காமல், ஒருமுறை மட்டும். ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டும் டிரிம்மர் இன்னும் நல்லது. நம்ம ஊர் சலூனில் ஒருதரம் நேராக மழித்துவிட்டு, மறுபடி நுரை போட்டு, கன்னத்தை இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் மழித்து, கடைசியில் படிகாரக்கல் தேய்த்து அனுப்புவார்கள். கழுத்தில் முடி சுருண்டிருக்கும் நம்மவர்கள் அந்த எதிர்ச் சவரத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். படிகாரம் ரத்தத்தை நிறுத்தும், எரியும், ஆனால் உள்ளே போன முடியை வெளியே எடுக்காது. மருத்துவர்கள் ட்ரெட்டினாயின் களிம்பு தருவார்கள், கிருமி சேர்ந்துவிட்டால் பென்சாயில் பெராக்சைடோ கிளிண்டாமைசினோ தருவார்கள். நிரந்தரத் தீர்வுக்கு அருகில் வருவது லேசர். முடியையே அழிப்பது அது. கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர்தான் ஓரளவு பாதுகாப்பு; மற்றவை தோலின் நிறமியையே சுட்டுவிடலாம்.

இப்போது 2025க்குத் திரும்புவோம். விமானப்படை 2020இல் ஐந்து வருடம் செல்லும் விலக்குச் சீட்டு கொடுக்கத் தொடங்கியிருந்தது. மரைன் படை இந்த நோய்க்காக யாரையும் வெளியேற்றுவதில்லை என்று 2022இல் முடிவெடுத்திருந்தது. 2025இல் எல்லாம் திரும்பியது. ஒரு வருடத்துக்கு மேல் சிகிச்சை எடுத்தும் விலக்கு தேவைப்படுகிறவர்களைப் படையிலிருந்து விலக்கலாம் என்று ஆகஸ்ட் மாதம் ஹெக்செத் ஆணையிட்டார். சிகிச்சை எடு, குணமாகிவிடு, இல்லையென்றால் போ. இதில் சிக்கல் என்னவென்றால், மழிப்பதை நிறுத்துவதுதான் சிகிச்சை. அதைச் செய்தால் சரியாகும். மழித்தால் திரும்ப வரும். அது முடியின் வடிவம். ஒரு வருடத்தில் முடியின் வடிவம் மாறாது. மாற்ற முடியாததற்குக் கெடு வைத்தால், அது சிகிச்சைக்கான கெடு இல்லை.

லேசர் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கிறது. ஆனால் இருபது வயதுப் பையன் ஒருவன் வேலைக்காகத் தன் தாடியை வாழ்நாள் முழுக்க இழக்க வேண்டும் என்று கேட்பது, மற்றவர்களிடம் கேட்காத ஒன்று. பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் ஓய்வுபெற்ற மறுநாள் தாடி வளர்த்துக்கொள்ளலாம்.

ஜில்லெட்டின் ரேசர் போருக்குப் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஐந்து பிளேடு வந்துவிட்டது, மரபணு தெரிந்துவிட்டது, காரணம் அழுக்கு இல்லை என்பது 1956லேயே எழுதப்பட்டுவிட்டது. அந்தச் சிப்பாய் கேட்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. தோலுக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் இடம்.